‘நாளை வருகிறேன்’ தவறான விடையா? ஓர் இணையவழித் தமிழ்ப் பயிற்சியின் எதிர்காலப் பாடங்கள்

என் அக்கா மகள் வேற்றுமொழிச் சூழலில் வளர்ந்தவள். தமிழைக் கேட்டால் அவளுக்குப் புரியும். பேசவும் ஓரளவுக்கு வரும். ஆனால் வாக்கியத்தை முடிக்கும் இடத்தில், அதாவது வினைமுற்றில், தடுமாறுவாள். அவளுக்காக, வயதுவந்தோருக்குத் தமிழ் கற்பிக்கும் இணையவழிப் பயிற்சி ஒன்றில் கட்டணம் செலுத்திச் சேர்ந்தோம். கைப்பேசிச் செயலி, ஒலிப்பதிவு செய்த உரையாடல்கள், பாடத்தின் முடிவில் தானே திருத்தி மதிப்பெண் இடும் வினாத்தாள் என்று வழக்கமான அமைப்புதான். மொழிபெயர்ப்புகளைச் செப்பனிடுவது என் தொழில் என்பதால், எதிர்காலம் பற்றிய 12 பாடங்கள் கொண்ட தொகுதியை அவளுடன் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை நானும் இரண்டு முறை செய்து பார்த்தேன். இந்த மதிப்புரை அத்தொகுதியைப் பற்றியது மட்டுமே. பயிற்சியின் பெயரைச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்தும் எண்ணம் எனக்கில்லை என்பதால் அதைத் தவிர்த்துவிடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. எதிர்கால வினைமுற்றை உருவாக்கும் விதியை இவ்வளவு எளிமையாக யாரும் சொல்லிக்கொடுத்து நான் கேட்டதில்லை. பகரமும் வகரமும் எதிர்கால இடைநிலைகள் என்று 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் சொல்லிவிட்டார். ஆனால் எந்த வினைக்குப் பகரம், எந்த வினைக்கு வகரம் என்பதுதான் புதிதாகக் கற்பவருக்குச் சிக்கல். இந்தப் பயிற்சி நிகழ்கால வடிவத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறச் சொல்கிறது. நிகழ்காலத்தில் ‘க்கிற்’ என்று இரட்டித்து வந்தால் எதிர்காலத்தில் ‘ப்ப்’ வரும்: படிக்கிறேன், படிப்பேன், நடக்கிறேன், நடப்பேன். ‘கிற்’ என்பதற்கு முன்னால் ட், ற், ண், ன் ஆகிய மெய்களில் ஒன்று நின்றால் ஒற்றைப் ‘ப்’ வரும்: கேட்கிறேன், கேட்பேன், நிற்கிறேன், நிற்பேன், காண்கிறேன், காண்பேன், தின்கிறேன், தின்பேன். மற்றவற்றுக்கு ‘வ்’: செய்வேன், வருவேன், சொல்வேன், அழுவேன். நிகழ்காலம் தெரிந்த ஒருவருக்கு எதிர்காலம் ஏறக்குறைய இலவசமாகவே கிடைத்துவிடுகிறது. அக்கா மகள் அரை மணி நேரத்தில் முப்பது வினைகளை மாற்றிக் காட்டினாள்; ‘கற்பேன்’ என்பதை மட்டும் ‘கற்குவேன்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டுத் தானே திருத்திக்கொண்டாள்.

அஃறிணையையும் முறையாகவே கையாண்டிருக்கிறார்கள். வரும், பெய்யும், நடக்கும், இருக்கும் என்று ‘உம்’ ஈறு பெற்று முடியும் இந்த வடிவத்தில் பகரமும் இல்லை, வகரமும் இல்லை, ஒருமை பன்மை வேறுபாடும் இல்லை. பறவை வரும், பறவைகள் வரும். அதே ‘வரும்’ பெயருக்கு முன்னால் நின்றால் ‘வரும் ஆண்டு’ என்று பெயரெச்சமாகிவிடும். இவ்வளவையும் ஒரே பாடத்தில் அடக்கி, குழப்பமில்லாமல் சொல்லியிருப்பது பாராட்டத்தக்கது.

குறை தொடங்குவது நான்காம் பாடத்தில்.

அங்கே ஒரு வினா: ‘நாளை ______’ என்ற வாக்கியத்தை ‘வா’ என்ற வினையால் தன்மையில் நிரப்ப வேண்டும். அக்கா மகள் ‘வருகிறேன்’ என்று எழுதினாள். சிவப்பு நிறத்தில் பெருக்கல் குறி தோன்றியது. ‘நாளை’ எதிர்காலச் சொல் ஆதலால் ‘வருவேன்’ என்பதே சரி என்ற விளக்கமும் கீழே வந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, “சித்தி, நீங்க எப்பவும் ‘நாளைக்கு வர்றேன்’னுதானே சொல்வீங்க?” என்று கேட்டாள். கேள்வி நியாயமானது. என் வாழ்நாளில் ஒருவர் கூப்பிட்டு நான் ஒப்புக்கொள்ளும்போது ‘நாளை வருவேன்’ என்று பதில் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

இந்தத் தொகுதியின் மீது எனக்குள்ள மனத்தாங்கல் முழுவதும் இந்தப் பெருக்கல் குறிக்குள் அடங்கிவிடும். எதிர்கால வினைவடிவம் என்பது ஒன்று. எதிர்காலத்தில் நடக்கப்போவதைத் தமிழர் சொல்லும் விதம் என்பது இன்னொன்று. பயிற்சி முதலாவதைச் செம்மையாகக் கற்பித்துவிட்டு, இரண்டாவதையும் கற்பித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது.

‘வருகிறேன்’, ‘வருவேன்’ இரண்டும் நாளைய வருகையையே குறிக்கின்றன, காலத்தில் வேறுபாடில்லை. வேறுபாடு பேசுபவர் எங்கே நிற்கிறார் என்பதில் இருக்கிறது. ‘வருகிறேன்’ என்பவர் அந்த நொடியில் முடிவெடுத்து, சொல் கொடுக்கிறார். ‘வருவேன்’ என்பவர் தம் வருகையைச் சற்று எட்ட நின்று முன்னறிவிக்கிறார்; அதனால்தான் அது சில வேளைகளில் ‘பொதுவாக வருவதுண்டு’ என்ற அளவில் தளர்ந்தும், சில வேளைகளில் ‘யார் தடுத்தாலும் வருவேன்’ என்று முறுக்கியும் ஒலிக்கிறது. உதவி செய்ய முன்வரும் இடத்தில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். சில நாள்களுக்கு முன், கனமான பையைத் தூக்கி வந்த முதியவர் ஒருவரிடம் அக்கா மகள் பாடத்தில் படித்த துணிச்சலுடன் “நான் தூக்குவேன்” என்றாள். உதவ வந்திருக்கிறாள் என்பது அவருக்குப் புரியவில்லை. தன் வலிமையைச் சொல்கிறாள் என்று எண்ணி, “தூக்குவேம்மா, தூக்குவே” என்று சிரித்துக்கொண்டே நடந்துவிட்டார். அவள் சொல்லியிருக்க வேண்டியது ‘நான் தூக்கிக்கொள்கிறேன்’. ‘தூக்குவேன்’ என்பதில் ‘என்னால் முடியும்’ என்ற பொருளும் உறைந்திருக்கிறது என்பதைப் பன்னிரண்டு பாடங்களில் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

இது ஏதோ இக்காலப் பேச்சுவழக்கின் சீர்கேடு என்று எவரும் வாதிட முடியாது. பள்ளிப் பாடநூலிலேயே ‘குடியரசுத் தலைவர் நாளை தமிழகம் வருகிறார்’ என்ற தொடர் காலவழுவமைதிக்கு எடுத்துக்காட்டாக இருக்கிறது. வருகை உறுதியானது என்பதால் நிகழ்காலத்தில் சொல்வது பிழையாகாது என்பது அங்குள்ள விளக்கம். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் முக்காலமும் ஒன்றுக்கொன்று மாறி வரலாம் என்று நன்னூல் சொல்கிறது. அதற்கும் முன்னால் தொல்காப்பியத்தின் வினையியல், இனி நடக்கப்போவதை விரைவு பற்றி இறந்தகாலத்தில் சொல்வதற்கு இடம் தந்திருக்கிறது. உரையாசிரியர்கள் அதற்குக் காட்டும் காட்சி இன்றைக்கும் பழசாகவில்லை: புறப்பட வேண்டிய ஒருவன் இன்னும் உண்ணாமல் இருக்க, ‘இன்னும் உண்ணவில்லையா?’ என்று கேட்டால், ‘உண்டேன், வந்தேன்’ என்பான். உண்ணவுமில்லை, வரவுமில்லை. தொலைபேசியில் ‘எங்கே இருக்கிறாய்?’ என்று கேட்டால், செருப்பைக்கூட மாட்டாமல் ‘இதோ, வந்துவிட்டேன்’ என்கிறோமே, அதேதான். ‘எறும்பு முட்டைகொண்டு திட்டை ஏறின் மழை பெய்தது’ என்ற பழைய எடுத்துக்காட்டில் பெய்யாத மழை பெய்துவிட்டது. அறிகுறி அவ்வளவு தெளிவு. பயிற்சியின் ஒன்பதாம் பாடத்தில் உள்ள ஒலிப்பதிவில் ஒருவர் “ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவேன்” என்று நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார். இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் அவர் குரலில் அவசரம் எதுவும் இல்லாததால், அவர் ஐந்து நிமிடத்தில் வருவார் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை.

விடைபெறும் சொல்லையும் இங்கேயே பேசிவிடலாம். ‘போய்விட்டு வருகிறேன்’ என்பதைப் பயிற்சி ‘வணக்கச் சொற்கள்’ என்ற வேறொரு தொகுதியில், பொருளை விளக்காமல் அப்படியே மனப்பாடம் செய்யச் சொல்கிறது. போகிறவர் போவதைச் செய்தியாக்காமல் திரும்பி வருவதைச் செய்தியாக்குகிறார். அதையும் நிகழ்காலத்தில் சொல்லி உறுதிமொழியாக்குகிறார். நிகழ்காலம் எதிர்காலத்துக்கு வேலை செய்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. அது கையில் இருந்தும் எதிர்காலப் பாடத்தில் அதற்கு இடமில்லை.

எதிர்மறைக்கு வருவோம். ‘மாட்டு’ என்ற துணைவினையைக் கொண்டு வரமாட்டேன், வரமாட்டாய், வரமாட்டார் என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். அஃறிணைக்கு மட்டும் ‘வராது’ என்று சரியாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். அட்டவணையில் பிழை எதுவும் இல்லை. பிழை, அதை வெறும் எதிர்கால மறுப்பு என்று பெயரிட்டதில் இருக்கிறது. படர்க்கையில் ‘அவர் நாளை வரமாட்டார்’ என்றால் அது வெறும் முன்கணிப்பு. தன்மையில் ‘நாளை வரமாட்டேன்’ என்றால், வர விருப்பமில்லை என்ற முகத்தைத் திருப்பும் பொருள் அதில் ஏறிவிடுகிறது. அக்கா மகள் தோழி ஒருத்தியின் அழைப்புக்கு இப்படித்தான் பதில் எழுதி, “என்மேல் என்ன கோபம்?” என்ற மறுமொழியைப் பெற்றாள். ‘நாளை நான் வரவில்லை’, ‘வர முடியாது’, ‘வர இயலாது போலிருக்கிறது’ என்று நாம் தேர்ந்தெடுக்கும் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாசூக்கு உண்டு. ‘வரவில்லை’ என்பது நேற்றைக்கு உரிய மறுப்பு என்று மட்டும் கற்பிக்கும் இந்தப் பயிற்சி, அது நாளைக்கும் பயன்படுவதைக் கண்டுகொள்ளவே இல்லை. இந்த ‘மாட்டேன்’ எவ்வளவு விருப்பம் சார்ந்தது என்பதற்குச் சான்று வேண்டுமானால், நாம் அஃறிணையைத் திட்டும்போது கவனிக்கலாம். பூட்டு திறக்காதபோது ‘திறக்காது’ என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. ‘திறக்கமாட்டேன் என்கிறது’ என்று அந்தப் பூட்டுக்கு ஒரு வாயையும் பிடிவாதத்தையும் கொடுத்துவிடுகிறோம்.

எதிர்கால வடிவம் எதிர்காலமே அல்லாத வேலைகளையும் செய்கிறது என்பதை ஏழாம் பாடம் பாதி தொட்டிருக்கிறது. ‘சூரியன் கிழக்கே உதிக்கும்’, ‘ஆசிரியர் தினமும் காலையில் நடப்பார்’ என்று இயல்பையும் வழக்கத்தையும் காட்டியிருக்கிறார்கள். ‘செய்யும்’ என்னும் வாய்பாடு நிகழ்வுக்கும் எதிர்வுக்கும் பொது என்று நன்னூலே சொல்வதால் இது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் ‘அந்தக் காலத்தில் அவர் தினமும் வருவார், இந்தத் திண்ணையில் உட்காருவார், கதை சொல்வார்’ என்று முடிந்துபோன வாழ்க்கை ஒன்றை முழுக்க முழுக்க எதிர்கால வினைமுற்றுகளால் சொல்கிறோமே, அது பாடத்தில் இல்லை. இறந்தவரைப் பற்றிப் பேசும்போது நாம் மிகுதியாகப் பயன்படுத்தும் வடிவம் இது. முதன்முதலாக இதைக் கேட்கும் மாணவர், அந்தப் பெரியவர் இனிமேல்தான் வரப்போகிறார் என்று எண்ணிக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஊகமும் விடுபட்டிருக்கிறது. ‘அவர் இப்போது வீட்டில் இருப்பார்’ என்பது இந்த நொடியைப் பற்றியது; ‘நேற்றே வந்திருப்பார்’ என்பது நேற்றைப் பற்றியது; ‘மணி பத்து இருக்கும்’ என்பதில் யாரும் பத்து மணிக்காகக் காத்திருக்கவில்லை. மூன்றிலும் எதிர்கால வடிவம் ‘எனக்கு உறுதியாகத் தெரியாது’ என்பதை மட்டும் சொல்கிறது.

‘போகிறேன்’ என்பதைத் துணைவினையாக்கி ‘எழுதப்போகிறேன்’, ‘மழை வரப்போகிறது’ என்பதையும், எழுத்து வழக்குக்கு உரிய ‘வரவிருக்கிறார்’, ‘நடைபெறவுள்ளது’ என்பவற்றையும் ஒரே பாடத்தில் வைத்து, எது பேச்சுக்கு, எது செய்திக்கு என்று பிரித்துக் காட்டியிருப்பது நன்று. இதில் குறை எதுவும் எனக்குப் படவில்லை.

உண்மையில் என்னை வியக்கவைத்தது பத்தாம் பாடம். ‘முன்’, ‘பிறகு’ ஆகியவற்றுடன் வினை எந்த வடிவம் பெறும் என்பதை அதில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ‘நீ வந்த பிறகு கிளம்புவோம்’ என்பதில் வருகை இனிமேல் நிகழப்போவது; ஆனாலும் ‘வந்த’ என்ற இறந்தகாலப் பெயரெச்சம்தான் வருகிறது. ‘அவர் வருவதற்கு முன் நான் கிளம்பிவிட்டேன்’ என்பதில் எல்லாமே நேற்றே முடிந்துவிட்டன. ஆனாலும் ‘வருவது’ என்ற எதிர்கால வடிவம்தான். தமிழில் இவ்விடங்களில் வினை நாட்காட்டியைப் பார்ப்பதில்லை, பக்கத்து வினையைப் பார்க்கிறது. அதற்கு முந்தியதா, பிந்தியதா என்பதுதான் கணக்கு. ‘அங்கே போனதும் கூப்பிடுகிறேன்’, ‘மழை பெய்தால் வரமாட்டார்’ ஆகியவற்றையும் இதே விளக்கத்துக்குள் கொண்டுவந்து, இரண்டு நிகழ்ச்சிகளையும் ஒரு கோட்டில் இரு புள்ளிகளாக வரைந்து காட்டுகிறார்கள். இருபது ஆண்டுகளாகப் பிறர் எழுத்தைத் திருத்துகிறேன். இதை இப்படிப் படம் போட்டு யோசித்ததில்லை. இந்தப் பாடத்தை எழுதியவரும் நான்காம் பாடத்தின் வினாத்தாளை எழுதியவரும் ஒருவராக இருக்க வாய்ப்பில்லை என்றே தோன்றுகிறது.

காலப்பெயர்கள் பற்றிய பதினோராம் பாடம் அவசரத்தில் முடிக்கப்பட்டிருக்கிறது. நாளை, நாளை மறுநாள், அடுத்த வாரம், இனிமேல் என்று பட்டியல். பட்டியலுக்குப் பின் பொருத்துக. ‘நாளை’ பேசுபவரின் இன்றிலிருந்து எண்ணப்படுவது, ‘மறுநாள்’ கதையில் சொல்லப்பட்ட ஒரு நாளிலிருந்து எண்ணப்படுவது என்ற அடிப்படையே அங்கு இல்லை. அதன் விளைவைச் செயலியே காட்டிக்கொடுக்கிறது: ஒரு பாடத்தை முடித்தவுடன் திரையில் ‘உங்கள் அடுத்த பாடம் மறுநாள் திறக்கும்’ என்ற அறிவிப்பு வருகிறது. எந்த நாளுக்கு மறுநாள் என்று கேட்கத் தோன்றுகிறது. ‘நாளை திறக்கும்’ என்று எழுத வேண்டிய இடம் அது. ‘இரண்டு நாளில்’, ‘இரண்டு நாளைக்குள்’, ‘இரண்டு நாள் கழித்து’ ஆகிய மூன்றையும் ஒரே பொருளுக்குரிய மாற்றுச்சொற்களாகக் கொடுத்திருக்கிறார்கள். வேலையை ‘இரண்டு நாளைக்குள்’ முடிப்பதாக ஒப்புக்கொண்டவர் இன்று மாலையே முடித்துத் தந்தாலும் சொல் தவறியவராக மாட்டார். ‘இரண்டு நாள் கழித்து’ வரச் சொன்னவரிடம் இன்று மாலை போய் நின்றால் கதவு பூட்டியிருக்கும். ‘அடுத்த வெள்ளி’ என்பது வருகிற வெள்ளியா, அதற்கு அடுத்ததா என்பதில் தமிழர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. தேதியையும் சேர்த்துச் சொல்லும்படி மாணவரை எச்சரித்திருக்கலாம். எதிர்நோக்கி வருவதால் ‘எதிர்காலம்’ என்றும், பின்னால் வருவதால் ‘பிற்காலம்’ என்றும் ஒரே காலத்தை முகத்துக்கு முன்னும் முதுகுக்குப் பின்னும் வைத்துப் பேசுகிற மொழி இது. அந்தச் சுவையில் ஒரு துளியையாவது பாடத்தில் சேர்த்திருக்கலாம் என்பது என் ஆசை, குறையாகச் சொல்லவில்லை.

‘பார்ப்போம்’, ‘பார்க்கலாம்’, ‘ஆகட்டும்’ ஆகியவை எந்தப் பாடத்திலும் இல்லை. ஒருவரிடம் ஓர் உதவியைக் கேட்டு, ‘பார்க்கலாம்’ என்ற பதிலைப் பெற்று, அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு காத்திருக்கும் மாணவரை நினைத்தால் எனக்கு இரக்கமாக இருக்கிறது.

வினையை மாற்றி எழுதும் பயிற்சி மட்டும் வேண்டுவோர் இந்தத் தொகுதியின் முதல் மூன்று பாடங்களையும் பத்தாம் பாடத்தையும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். வேறெங்கும் இவ்வளவு தெளிவு கிடைப்பது அரிது. பேசுவதற்காகக் கற்பவர் பக்கத்தில் தமிழ் பேசும் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு கற்பதே நல்லது. தானியங்கித் திருத்தத்தில் வரும் சிவப்புக் குறிகளை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து, ‘இது தவறில்லை’ என்று சொல்லிக்கொண்டே வர வேண்டியிருக்கும்.

நான்காம் பாடத்தின் வினாவையும், ‘மறுநாள்’ அறிவிப்பையும், ‘மாட்டேன்’ பற்றிய விளக்கத்தையும் குறிப்பிட்டு அவர்களுக்கு விரிவாக எழுதினேன். பதில் மூன்றே சொற்களில் வந்தது: ‘விரைவில் ஆவன செய்யப்படும்.’ இலக்கணம் பார்த்தால் அப்பழுக்கில்லாத எதிர்காலம். ‘ஆவன’ என்பதில் வகர இடைநிலை சரியான இடத்தில் நிற்கிறது. ‘செய்யப்படும்’ என்பதில் ‘உம்’ ஈறும் பொருந்தியிருக்கிறது. செய்பவர் யார் என்பதும் எந்த நாள் என்பதும் மட்டும் தொடரில் இல்லை. நேற்று இரவு மீண்டும் செயலியைத் திறந்து ‘நாளை வருகிறேன்’ என்று எழுதிப் பார்த்தேன். அதே பெருக்கல் குறி, அதே சிவப்பு.